குறைந்த செலவில் ஒரு ட்ராலி: காசு போக வேண்டிய இடம் சக்கரமும் ட்ராக்கும்

விலை குறைந்த ட்ராலி, அதாவது கேமராவை ஏற்றி ட்ராக்கில் தள்ளுகிற வண்டி, எது வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மேல்பலகையின் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். எத்தனை கிலோ தாங்கும், உட்கார சீட் உண்டா, கைப்பிடி மடங்குமா என்றே பேச்சு போகிறது. ஆனால் ஷாட் குலுங்குமா குலுங்காதா என்பது சக்கரமும் ட்ராக்கும் தொட்டுக்கொள்கிற இடத்தில்தான் முடிவாகிறது. காரைக்குடி பக்கம் ஒரு குறும்படத்துக்கு ட்ராலி தேடி அலசி, கடைசியில் மதுரையில் ஒரு கிரில் பட்டறையில் நாங்களே ஒன்றைச் செய்துகொண்டோம். அதன் விவரங்களை, அளவுகளோடு, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஷாட். பழைய செட்டிநாட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் நடைபாதை, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். ஒரு வயதான அம்மா எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறார். கேமரா இந்தப் பக்கத்து நடைபாதையில் அவரோடு இணையாக நகர வேண்டும். நடுவில் தூண்கள் ஒவ்வொன்றாக ஃபிரேமைக் கடந்து போகும். இயக்குநருக்கு இது வெட்டில்லாமல் ஒரே ஷாட்டாக வேண்டும். இதைத் தவிர, முகப்பிலிருந்து நிலைவாசலைத் தாண்டி வளவுக்குள் மெல்ல நுழைகிற ஷாட் ஒன்று.

ட்ராலிக்கு மிகக் கடுமையான சோதனை இந்தத் தூண் ஷாட். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பொருள் இருந்தால், கேமரா மில்லிமீட்டர் கணக்கில் மேலும் கீழும் ஆடினாலும் அந்தப் பொருள் பின்னணியோடு ஒப்பிடும்போது துள்ளுவது தெரிந்துவிடும். வெட்டவெளியில், முன்னணியில் எதுவுமில்லாமல், வைட் லென்ஸில் எடுக்கிற ஷாட்டுக்கு எந்த ட்ராலியும் போதும். அதனால் ட்ராலி தேடுவதற்கு முன் லென்ஸையும், கேமராவுக்கு மிக அருகில் வரும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்ஜெட் அதற்கப்புறம்.

கையில் ஜிம்பல் இருந்தது, கேமராவை ஆடாமல் பிடித்துத் தருகிற மோட்டார் கைப்பிடி. "அதுலயே நடந்து எடுத்துடலாமேண்ணே" என்று உதவியாளர் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஜிம்பல் மூன்று அச்சில் கேமரா திரும்புவதைச் சரிசெய்யும். கேமரா மொத்தமாக மேலே ஏறி இறங்குவதைச் சரிசெய்யாது. நடக்கும்போது நம் உடம்பு ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்குகிறது. வெளி ரோட்டில் அது பெரிதாகத் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் தூண் வந்தால் ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம். ஸ்லைடர், அதாவது கேமரா சறுக்கிப் போகிற குட்டித் தண்டவாளம், மூன்று நான்கு அடியோடு முடிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது 6 மீட்டர் ட்ராக்.

வாடகைக்கு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்கு அதுதான் சரியான முடிவு. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் சுற்றிலும் ட்ராக் அண்ட் ட்ராலி கிடைக்கும். அது கனமான, பழகிய சரக்கு. அதோடு வருகிற ஆட்கள் பத்து நிமிடத்தில் ட்ராக்கைப் போட்டு மட்டம் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். சென்னைக்குள் ஓரிரு நாள் ஷூட் என்றால் எதையும் கட்டாதீர்கள், வாடகைக்கு எடுங்கள். காரைக்குடிக்கு என்றால் வாடகையோடு வண்டி, ஆட்களின் பேட்டா, தங்குமிடம் எல்லாம் சேரும். எங்கள் ஷூட் வார இறுதிகளில் விட்டு விட்டு நடப்பது. ஒவ்வொரு முறையும் அந்தச் செலவு தாங்காது. ப்ரோஎய்ம் மாதிரி கம்பெனிகளிடமிருந்து ரெடிமேடாக வருகிற ட்ராலிகளையும் பார்த்தோம். நல்ல சரக்குதான், ஆனால் ட்ராக்கோடு சேர்த்து வாங்க எங்கள் கையில் காசில்லை.

மலிவாகச் செய்யலாம் என்று சொல்லப்படுகிற மற்ற வழிகளையும் அந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்.

ட்ரைபாட் காலுக்கடியில் மாட்டுகிற மூன்று சக்கர கேஸ்டர் டாலிக்கு (கேஸ்டர் என்றால் எந்தப் பக்கமும் சுழல்கிற சின்னச் சக்கரம்) மழமழவென்று இணைப்பே இல்லாத தரை வேண்டும். பழைய ரெட் ஆக்சைடு தரை உள்ள வீடு கிடைத்தால் அது அருமையாக ஓடும். ஆத்தங்குடிக் கல் கையால் செய்வது. கல்லுக்குக் கல் விளிம்பில் மயிரிழை ஏற்ற இறக்கம் இருக்கும். சின்னச் சக்கரம் அத்தனையையும் கேமராவிடம் சொல்லிவிடுகிறது. கேஸ்டருக்கு இன்னொரு குணமும் உண்டு: போன திசையிலிருந்து திரும்பி வரும்போது சக்கரம் அரைவட்டம் சுழன்று திரும்பும், அப்போது கேமரா பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். அதனால் ஒரே திசையில் போகிற ஷாட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1959-ல் பாரீஸில் ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தாரைக் கேமராவோடு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இயக்குநர் கோதார் தள்ளிக்கொண்டு போனார். பெரிய சக்கரம் கல் இடுக்கில் இறங்காமல் ஏறிப் போய்விடும். காற்றடிக்கிற டயராக இருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் இன்னும் மென்மை. ஆள் முன்னே நடக்க, கேமரா பின்வாங்குகிற ஷாட்டுகளை நாங்கள் அதில்தான் எடுத்தோம். ஆனால் அது நேர்க்கோட்டில் போகாது. தூண் வரிசைக்கு இணையாக, ஒவ்வொரு டேக்கிலும் அதே கோட்டில் போக ட்ராக் வேண்டும்.

ட்ராக் என்றதும் எல்லோரும் சொல்வது பிவிசி பைப். விலை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், தூக்குவதற்கு லேசு. மட்டமான தரையில், முழு நீளமும் தரையில் படிந்து கிடக்கிற மாதிரி போட்டால் சின்ன கேமராவுக்கு அது போதும். பிரச்சினை இரண்டு. ஒன்று, பிவிசி ஸ்டீலோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கு விறைப்புதான். கட்டை வைத்துத் தூக்கினால் இடையில் தொய்ந்துவிடும். இரண்டாவது வெயில். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும். 3 மீட்டர் பைப் 20 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர். மேல்பக்கம் மட்டும் வெயில் பட்டால் பைப் வில்லாக வளையும். வளவில் உச்சி வெயில் நேராக நடைபாதை ஓரத்தில் விழுகிறது; ஒரு பைப் நிழலில், இன்னொன்று வெயிலில். அங்கே பிவிசிக்கு இடமில்லை.

சென்ட்ரிங் பொருள் வாடகைக் கடையில் சாரம் கட்டுகிற 40 என்பி (பெயரளவு உள்விட்டம்) இரும்புப் பைப் கிடைக்கும், வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர். விறைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மேலெல்லாம் சிமென்ட் ஒட்டியிருக்கும், நசுங்கல் இருக்கும், 3 மீட்டர் துண்டு 10 கிலோவுக்கு மேல் வரும். அவசரத்துக்குப் புதிய பைப்பாகப் பொறுக்கி எடுத்து, எமரித் தாள் போட்டுத் துடைத்து ஓட்டலாம்.

நாங்கள் எடுத்தது மாடிப்படி கைப்பிடிக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப். வெளி விட்டம் 38 மில்லிமீட்டர், கனம் 1.5 மில்லிமீட்டர். எந்தக் கிரில் பட்டறைக்காரரிடமும் 6 மீட்டர் நீளத்தில் இருக்கும், ஏற்கெனவே பாலிஷ் போட்டு வரும், 3 மீட்டர் துண்டு 4 கிலோ சொச்சம். வெயிலில் நீள்வது பிவிசியில் கால் பங்குக்கும் குறைவு. வாங்கும்போது பைப்பைத் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் உருளும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறையும். பட்டறை அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, "கைப்பிடிக்கு யாரும் இப்படிப் பார்க்க மாட்டாங்க தம்பி" என்றார். ஆனாலும் கட்டிலிருந்து நாங்கள் கேட்ட வரைக்கும் எடுத்துப் போட்டார்.

இரண்டு நீளம், மொத்தம் 12 மீட்டர். ஒன்றை 3, 3 என்று வெட்டினோம். இன்னொன்றை 1.5, 3, 1.5 என்று. காரணம், இணைப்பு. இரண்டு பக்கத்துக்கும் இணைப்பு ஒரே இடத்தில் வந்தால் ட்ராலியின் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தட்டும், கேமரா நேராக மேலே துள்ளும். தள்ளித் தள்ளி வைத்தால் தட்டு பாதியாகப் பிரிந்துவிடும். இணைப்புக்குள் போகிற கட்டையை லேத்தில் நைலான் உருளையிலிருந்து கடைந்தோம்: 15 சென்டிமீட்டர் நீளம், விட்டம் பைப்பின் உள்விட்டத்துக்கு இழுத்துப் பிடிக்கிற அளவு. பாதியை ஒரு பைப்புக்குள் அடித்து, அடிப்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ. மறுபாதி அடுத்த பைப்புக்கு. வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, எமரி போட்டு, விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் இடறினால் சக்கரமும் இடறும். இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். லேத் கூலியில் பேரம் பேசி இதை அவசரப்படுத்த வேண்டாம்.

இனி சக்கரம். ஸ்கேட்போர்டு சக்கரம், இன்லைன் ஸ்கேட்டிங் சக்கரம் இரண்டும் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். இன்லைன் சக்கரத்தின் விளிம்பு முட்டை மாதிரி வளைந்தது. பைப்பில் ஒரு புள்ளியில்தான் உட்காரும், கோணம் கொஞ்சம் மாறினால் சறுக்கும். ஸ்கேட்போர்டு சக்கரத்துக்கு அகலமான தட்டையான முகம். அதனால் 38 மில்லிமீட்டர் பைப்பிலும் ஓடும், சாரத்துக்குப் போடுகிற 48 மில்லிமீட்டர் பைப்பிலும் ஓடும். தொடும் இடம் முகத்தில் சில மில்லிமீட்டர் நகரும், அவ்வளவே. ஊர் ஊராகப் போய் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. கடினம் என்று பார்த்தால், சக்கரத்திலேயே 78ஏ, 99ஏ என்று எழுதியிருக்கும். எண் கூடக் கூடக் கடினம். 99ஏ வேகமாக ஓடும், ஆனால் ட்ராக்கில் உள்ள ஒவ்வொரு தூசியையும் கேமராவுக்கு அனுப்பும், சத்தமும் போடும். நேரடி ஒலிப்பதிவு இருந்ததால் 60 மில்லிமீட்டர், 78ஏ எடுத்தோம்.

பேரிங் இந்தச் சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான், 608: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் அப்படியே அச்சாகிவிடும். இதில் இசட்இசட் என்று முடிந்தால் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. ரப்பர் மூடி சுழல்வதற்குக் கொஞ்சம் இறுக்கம், ஆனால் மண் உள்ளே போகாது. செம்மண் பூமியில் எடுக்கிறவர்கள் 2ஆர்எஸ் வாங்குங்கள்.

சக்கரங்கள் பைப்பின் மேல் இருபுறமும் 45 டிகிரி சாய்ந்து உட்கார வேண்டும், ஒன்றுக்கொன்று 90 டிகிரி. எல் வடிவ இரும்பு ஆங்கிளில் அந்த 90 டிகிரி ஏற்கெனவே இருக்கிறது. அதன் இரண்டு காலிலும் துளை போட்டு போல்ட் மாட்டினால் வேலை முடிந்தது. நாங்கள் 40க்கு 40, கனம் 5 மில்லிமீட்டர் ஆங்கிள் எடுத்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்தோம். மொத்தம் 16 சக்கரம். எட்டு போதுமே என்று தோன்றும். ரயில் பெட்டியின் போகி மாதிரி, இந்தத் துண்டு நடுவில் ஒரே போல்ட்டில் பலகையோடு சேர்ந்து லேசாக அசையும்படி இருந்தால், முன் ஜோடி ஒரு மேட்டில் ஏறும்போது பின் ஜோடி கீழேயே இருக்கும்; பலகை ஏறுவது மேட்டின் பாதி உயரம்தான். போல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் தடித்த ரப்பர் வாஷர், கீழே நைலாக் நட் (தானாகக் கழலாத நட்). இறுக்கி முடுக்காமல், கையால் திருப்பினால் திரும்புகிற அளவு. பின்னால் வளைந்த ட்ராக் போடுகிற ஆசை வந்தாலும் இந்தத் திருப்பம் உதவும்.

மேல்பலகை 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், 75 சென்டிமீட்டர் சதுரம். இதை இரும்பில் வெல்ட் அடித்துக் கட்டுவதைவிட ப்ளைவுட்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பைப்பும் எவ்வளவு மட்டம் பார்த்தாலும் துளி முறுக்கு இருக்கும். விறைத்த இரும்புச் சட்டம் மூன்று மூலையில் நின்று நான்காவதைத் தூக்கிக்கொள்ளும். ப்ளைவுட் தேவையான அளவு வளைந்து கொடுத்து நான்கு மூலையையும் ட்ராக்கில் உட்காரவைக்கும். இங்கே காசு போட வேண்டியதே இல்லை. ஆசாரியிடம் மிச்சத் துண்டு இருந்தாலும் கேளுங்கள்.

அகலம் ஏன் 75? சக்கர வரிசைகளுக்கு நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 62 சென்டிமீட்டர் வைத்தோம். தொழில்முறை ட்ராக்குகளில் பரவலாக உள்ள அளவு அது. வாடகை ட்ராக் கிடைக்கும்போது நம் பலகை அதில் ஏறிவிடும், ஆனால் எடுப்பதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நிலைவாசலின் உள்ளளவுக்குள் 75 தாராளமாகப் போனது. படுக்கையறைக் கதவுகள் பொதுவாக இரண்டரை அடி. சட்டம் கழித்தால் 75 இடிக்கும். சின்ன வீடுகளில் எடுக்கிறவர்கள் பலகையை 70 ஆக வைத்துக்கொள்ளலாம்.

பைப், சக்கரம், பேரிங், ப்ளை, ஆங்கிள், லேத் கூலி, மரக்கட்டை எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்தது. அதில் முக்கால் பங்கு பைப்புக்கும் சக்கரத்துக்கும் அந்த நைலான் இணைப்புக்கும்.

வீட்டில் ட்ராக் போடும்போது வீட்டு ஆச்சி பக்கத்திலேயே நின்றார். "கல்லுல கோடு விழுந்துச்சுன்னா அதே கல்லு இனிமே கிடைக்காது அப்பச்சி, பாத்துப் போடுங்க." அவர் சொன்னது சரி. அச்சில் ஊற்றி, கண்ணாடி மேல் வைத்துச் செய்கிற கல். பழைய வண்ணம் மறுபடி அப்படியே அமையாது. எனவே இரும்பு எதுவும் தரையைத் தொடக் கூடாது என்று முதலிலேயே முடிவு. ரீப்பர் மரத்தில் குறுக்குக் கட்டைகள், இரண்டு முனையிலும் 62 சென்டிமீட்டர் தூரத்தில் வி வெட்டு, வெட்டுக்குள் சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டி, அடியில் ரப்பர் பாய். ட்யூப் துண்டு பைப்பைப் பிடித்துக்கொள்வதோடு, வெற்றுப் பைப் கிணுகிணுப்பதையும் அடக்குகிறது. பைப்பின் இரண்டு கோடியிலும் துணி திணித்தால் இன்னும் அடங்கும்.

கட்டைகள் மீட்டருக்கு ஒன்று. பைப்பின் நடுவில் பாரம் வரும்போது, தாங்கும் கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். கேமரா, ட்ரைபாட், பலகை, மணல் மூட்டை எல்லாம் சேர்த்து 42 கிலோ இருந்தது. மீட்டருக்கு ஒரு கட்டை என்றால் தொய்வு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. இரண்டு மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஐந்தாறு மில்லிமீட்டர் வரை போகலாம். தூண் ஷாட்டில் அது கேமரா படகில் போவது போலக் காட்டும். ஆள் உட்கார்ந்து ஓட்டுவதானால் கட்டைகளை இன்னும் நெருக்க வேண்டும். நாங்கள் யாரையும் ஏற்றவில்லை. ஆபரேட்டர் கூடவே நடந்தார்.

பழைய வீடுகளில் நடைபாதை மழைநீருக்காக வளவுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். முதலில் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தால் இரண்டு கோடியையும் சரிபார்த்து, அந்த உயரத்துக்கு நூல் கட்டி, நடுக் கட்டைகளை நூலுக்குத் தூக்கினோம். பிறகு ஒவ்வொரு கட்டையிலும் குறுக்கே ரசமட்டம். தூக்குவதற்கு ஒரே ஒரு ஆப்பு மட்டும் போடாதீர்கள். எதிரெதிராக இரண்டு போட்டால் மேல்முகம் தட்டையாகவே உயரும், கட்டை புரளாது. நிலைவாசல் ஷாட்டுக்கு ட்ராக் முழுவதையும் கீழ்ச்சட்டத்தின் உயரத்துக்கு மேலே மரப்பெட்டிகளில் ஏற்றினோம். பொறுமை கேட்கிற வேலை, ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே நுழைகிற அந்த நகர்வை வேறு எந்த மலிவான வழியிலும் எடுத்திருக்க முடியாது.

மணல் மூட்டை ஏன் என்று தம்பி கேட்டான். கேமரா இலகுவானது, ரிக் மொத்தமே 4 கிலோ. லேசான ட்ராலி தள்ளுகிறவரின் கை நடுக்கத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பலகையில் மூட்டைக்கு 10 கிலோவாக இரண்டு மூட்டை வைத்ததும் கிளம்புவது மெதுவாகிறது, நிற்பதும் மெதுவாகிறது. தள்ளுகிறவர் பலகை மட்டத்தில் பிடித்துத் தள்ள வேண்டும். ட்ரைபாடைத் தொடவே கூடாது. ட்ரைபாடின் கால்களுக்குப் பலகையில் குழி தோண்டி, நடுவில் ராட்செட் பெல்ட் போட்டுக் கீழே இழுத்துக் கட்டினோம். இதைக் கட்டாமல் ஒரு டேக்கும் ஓட்ட வேண்டாம். ட்ராலி ட்ராக்கைத் தாண்டி ஓடிவிடாமல் இரண்டு கோடியிலும் சி கிளாம்ப் மாட்டி, அதில் ரப்பர் சுற்றினோம்.

ஷூட்டின்போது சக்கரம் கிறீச்சிட்டால் பைப்பின் மேல் முகப்பவுடர் தூவித் துணியால் துடையுங்கள், அடங்கிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரேயும் வேலை செய்யும், ஆனால் ஆத்தங்குடிக் கல்லில் அது சிந்தினால் ஆள் வழுக்கி விழுவார். டேக்குக்கு நடுவில் பைப்பை ஒருமுறை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணல் துகள் மென்மையான சக்கரத்தில் புதைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும். ஹெட்ஃபோன் போட்டிருக்கிற ஒலிப்பதிவாளர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

சாப்பாட்டு இடைவேளையில் ட்ராலியைப் பாரத்தோடு ட்ராக்கில் விட்டுப் போகாதீர்கள். 78ஏ மாதிரி மென்மையான சக்கரம் நின்ற இடத்தில் அழுந்தி, அங்கே தட்டையாகிவிடும். மூட்டையை இறக்கி, பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். வீட்டிலும் அப்படியே, சக்கரம் மேலே பார்க்க.

தம்பி இப்போது இதே போகிகளை 48 மில்லிமீட்டர் பைப்பில் வெளிப்புறத்தில், வயல் வரப்போரமாகப் போட்டுப் பார்க்கிறான். மண் தரையில் குறுக்குக் கட்டைக்கடியில் அகலமான ப்ளைவுட் துண்டு வைத்தால்தான் ஆப்பு மண்ணில் இறங்காமல் நிற்கிறது. அங்கே மீட்டருக்கு ஒரு கட்டை போதவில்லை. முக்கால் மீட்டருக்கு ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.